உப்புக் கரித்த சாக்லேட் பிஸ்கெட்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் வாரத்தில் நடந்தது இது. மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் ஒரு லே-அவுட்டில் எங்கள் வீடு. சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான். என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். ஒரே மகள், அப்போது பி.காம். கடைசி வருடம். வாயைத் திறந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். நான் திட்டினால் மட்டும் தமிழ் நன்றாகப் புரியும்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அதை நானே சொல்லிவிடுவது நல்லது. காய் வண்டிக்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் அந்த வருடம் முழுக்க என் சத்தம் வெளியில் கேட்கவில்லை. மார்பில் கட்டி என்று ஆரம்பித்தது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் என்கிற கரன்ட் வைப்பது என்று ஒன்றன் பின் ஒன்றாக மாதங்கள் போயின.

முடி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், நாக்கு செத்துப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கிய மாதிரி ஒரே ருசி. ரசமும் அதுதான், பாயசமும் அதுதான். விரல் நுனிகள் மரத்துப் போய், எதைத் தொட்டாலும் கையுறை போட்டுக்கொண்டு தொட்டது போல இருந்தது. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கி, ஒரு குடம் தண்ணீர் தூக்க வக்கில்லாமல் போனேன். சமையலறையை வீட்டுக்காரரும் மகளும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஹாலில் படுத்தபடி, குக்கர் விசிலை எண்ணிச் சொல்லும் ஆளாகிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடையில் ஒரு நாள் சாமராஜநகரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. ஒட்டுவாரொட்டி என்று நினைப்பு. நான் அந்தக் காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் டம்ளரைத்தான் பார்க்கும்.

நவம்பர் கடைசியில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அதன் முடிவைக் கேட்கப் போக வேண்டிய நாளில் எனக்குக் காய்ச்சல். வீட்டுக்காரர் மட்டும் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, எல்லாம் சரியாகிவிட்டது, இனி மாத்திரை மட்டும் போதும் என்றார். நான் அழுதேன். அவரும் அழுதார். இருவரும் ஒரே காரணத்துக்காக அழுகிறோம் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த வருடம் பிஸ்கெட் போட்டே தீருவேன் என்று எழுந்தேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த அம்மாள் என்னைவிட நாலைந்து வயது சின்னவள், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தீபாவளிக்கு என் வீட்டிலிருந்து முறுக்கும் லட்டும் அவள் வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக்கும் எண்ணெயில் பொரித்த கலகலாவும் வரும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நான் ஒரு வருடம் சாக்லேட் பிஸ்கெட் செய்து வைத்துக் கொடுத்தேன். அது அவர்களுக்குப் பிடித்துப் போய், அப்புறம் தெருவுக்கே வழக்கமாகிவிட்டது. அவர்கள் பண்டிகைக்கு நான் பிஸ்கெட் போடுவேன், எல்லா வீட்டுக்கும் போகும்.

இந்த பிஸ்கெட்டை அச்சில் பிழிய வேண்டும். அதற்கென்று தனி மெஷின் கடைகளில் இருக்கிறதாம். நான் என் பித்தளை முறுக்கு அச்சிலேயே நட்சத்திரத் தட்டைப் போட்டுப் பிழிவேன். வெண்ணெய், பொடித்த சர்க்கரை, மைதா, கோகோ. ஓவன் தட்டில் வெண்ணெய் தடவக் கூடாது, தடவினால் மாவு தட்டில் ஒட்டாமல் அச்சோடு எழுந்து வந்துவிடும். சின்னப் பூவாகப் பிழிந்து, நடுவில் ஒரு வெள்ளி மிட்டாய், சுற்றிலும் டூட்டி ஃப்ரூட்டி. வெந்து வந்ததும் மேலே வெள்ளை சாக்லேட்டை உருக்கிக் கோடு கோடாக இழுப்பேன். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். என் மகள் அதற்கு வைத்த பேர் முறுக்கு பிஸ்கெட்.

பிஸ்கெட் போட்ட அன்று காலை வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். என் கையால் அச்சைத் திருக முடியாது என்பதால் பிழிகிற வேலை அவருக்கு. மாவு பிசைவது நான். டிசம்பர் குளிரில் வெண்ணெய் கட்டியாகக் கிடந்தது. அதை வெயிலில் வைத்து இளக்கி, அலமாரியில் சர்க்கரைப் பொடி வைக்கிற நீல மூடி டப்பாவை எடுத்துக் கொட்டினேன். பீட்டர் மெஷினால் அடித்தபோது வழக்கம்போல் நுரைத்து வரவில்லை என்று பட்டது. குளிர்தானே என்று விட்டுவிட்டேன். விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். மரத்த விரலுக்கு என்ன தெரியும்?

ருசி பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் நாக்கை விடுங்கள், வீட்டில் இன்னும் இரண்டு நாக்கு இருந்தனவே. ஆனால் எங்கள் வீட்டில் அது கிடையாது. சாமிக்குப் படைக்கிற பண்டத்தை ருசி பார்க்க மாட்டோம். அதே மாதிரி, அடுத்தவர் பண்டிகைக்குக் கொடுக்கிற பண்டத்தையும் எச்சில் படுத்த மாட்டோம். முதல் தட்டு சாமி முன்னால், பிறகு கொடுக்க வேண்டிய வீடுகளுக்கு, கடைசியில்தான் வீட்டு ஆட்களுக்கு. என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், நானும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் என்றால் மட்டும் அந்தப் பண்டம் மட்டமா என்ன? மகள் ஒரு பிஸ்கெட்டை எடுக்கக் கை நீட்டியபோது, கரண்டியால் ஒரு தட்டு தட்டினேன். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் அடி வாங்கியதில் அவளுக்கு அவ்வளவு சிரிப்பு.

வீட்டுக்காரர் அச்சைத் திருகிக்கொண்டே மூச்சு வாங்கினார். மெஷின் ஓட்டுகிற கைக்கு ஒரு பூ ஒழுங்காக விழவில்லை. ஒன்று நாய்க்குடை மாதிரி, ஒன்று நண்டு மாதிரி. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேலி செய்துகொண்டே இருந்தேன். அன்று பகல் முழுக்க எனக்கு நோய் வந்ததே ஞாபகம் இல்லை. சாயங்காலம் தலையில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, நானே வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், எல்லாம் சரியாகிவிட்டது, இதோ பாருங்கள், பிஸ்கெட்டே போட்டுவிட்டேன் என்றேன்.

அன்று ராத்திரியும் மறுநாளும் ஒரே பாராட்டு மழை. எதிர்வீட்டுக்காரி போன் செய்து, இந்த வருடம்தான் எல்லா வருடத்தையும் விட நன்றாக இருக்கிறது என்றாள். மூலை வீட்டு ஆசிரியை, அவர் பேரன் தட்டையே காலி செய்துவிட்டான் என்றார். என் மகளும் வீட்டுக்காரரும் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டில் மிச்சமிருந்ததைக் காணோமே என்றேன். கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்றார் அவர். நானும் ஒன்றே ஒன்று தின்றிருந்தேன். வழக்கமான இரும்பு ருசிதான். ஆனாலும் ஊரே சொல்லும்போது, அது இனிப்பாகத்தான் இருக்கும் என்று மனதால் ருசித்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை. பாட்டுப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி வந்தது. வழக்கமாக மகள்தான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போவாள். அன்று எனக்குத் தெம்பாக இருந்ததால் நானே போனேன். வண்டியோடு வருகிற அம்மாள் எதிர்வீட்டு கேட்டில் வைத்திருந்த பக்கெட்டை எடுத்தாள். எங்கள் பக்கம் ஈரக் குப்பையில் பேப்பர் பொட்டலம் இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பிரித்துத்தான் கொட்டுவார்கள். அவள் அந்த நியூஸ் பேப்பர் பொட்டலத்தைப் பிரித்து உதறினாள். வாழைப்பழத் தோலுக்கும் முட்டை ஓட்டுக்கும் மேலே என் பிஸ்கெட்டுகள் விழுந்தன. வெள்ளி மிட்டாய் வைத்தது, வெள்ளைக் கோடு இழுத்தது, நண்டு மாதிரி இருந்ததுகூட. கொடுத்தது கொடுத்தபடி அத்தனையும் கிடந்தது.

அந்தப் பேப்பர் கப் காபிதான் கண் முன்னால் வந்தது. சொந்தக்காரர்கள் அப்படிச் செய்தபோது வருத்தம்தான் வந்தது. இவள் செய்தபோது வயிறு எரிந்தது. ஆஸ்பத்திரிக்கு எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவள் இவள். நோயாளி கை பட்ட பண்டம் என்று வாயில் வைக்காமலே கொட்டியிருக்கிறாள், அதை மறைக்கப் பேப்பரில் வேறு சுற்றியிருக்கிறாள், போதாததற்கு போனில் புகழ்ச்சி. பக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு நேராக அவள் வீட்டுக்குள் போனேன்.

அவள் சமையலறையில் கலகலாவுக்கு மாவு வெட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். நான் உட்காரக்கூட இல்லை.

"வருசக்கணக்கா இந்தக் கையில வாங்கித் தின்னவதானே நீ? இப்ப மட்டும் என்ன, என்ற நோவு பிஸ்கெட்டு வழியா உனக்கு ஒட்டிக்குமா?"

அவள் முதலில் மழுப்பினாள். கீழே விழுந்துவிட்டது, எறும்பு வந்துவிட்டது என்று ஏதேதோ சொன்னாள். நான் விடவில்லை. இன்னும் என்னென்னவோ பேசினேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கடைசியில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அதுல சர்க்கரையே இல்லக்கா. முழுக்க உப்பு. வாயில வைக்க முடியல. அண்ணா அன்னைக்கே வீடு வீடா வந்து, உங்ககிட்ட யாரும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டுப் போனாரு."

நான் நம்பவில்லை. பொய்க்கு மேல் பொய் என்று நினைத்தேன். அவள் அழுகையோ நிற்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுக்கோங்கக்கா, மன்னிச்சுக்கோங்கக்கா என்று தேம்பினாள். கையை உதறிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நீல மூடி டப்பாவை எடுத்துத் திறந்தேன். வெள்ளைப் பொடி. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். இரும்பு ருசி. ஜாடியிலிருந்து காபிக்குப் போடுகிற சர்க்கரையை எடுத்து வைத்தேன். அதுவும் இரும்பு. சர்க்கரை எது, உப்பு எது என்று சொல்ல முடியாத ஒருத்தி, சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. மகள் காலேஜுக்குப் போய்விட்டாள், வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். கேட்கவும் ஆள் இல்லை. கேட்டாலும் உண்மையைச் சொல்வார்கள் என்று என்ன நிச்சயம்?

அடுப்பைப் பற்றவைத்துத் தாளிக்கிற கரண்டியில் அந்தப் பொடியைப் போட்டுத் தீயில் காட்டினேன். சர்க்கரையாக இருந்தால் உருகிப் பழுப்பாகிப் பொங்கியிருக்க வேண்டும். அது உருகவில்லை. கரண்டி புகைந்ததே தவிர, பொடி வெள்ளையாக அப்படியே கிடந்தது. உப்பு. நான் படுத்துக் கிடந்த மாதங்களில் வீட்டுக்காரர் கல் உப்பை வாங்கி மிக்சியில் பொடித்து, காலியாக இருந்த அந்த டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறார். ஆம்பளை சமையலறையில் அதுவும் நடக்கும்தான். அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அவளிடம் அப்படிப் பேசிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்தவள், வாசல் வரை போய் நின்றுவிட்டேன். அவள் அழுத அழுகை மறுபடி ஞாபகம் வந்தது. பிஸ்கெட்டில் உப்பு விழுந்ததற்கு யாராவது அப்படி அழுவார்களா? எனக்குத் தெரிந்த அவள், இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவள். வேறு வருடமாக இருந்திருந்தால், அன்று சாயங்காலமே ஒரு பிஸ்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இதென்னக்கா, உப்புக்கண்டமா என்று தெருவே கேட்கிற மாதிரிச் சிரித்திருப்பாள். எனக்கும் பதிலுக்கு நாலு வார்த்தை கிடைத்திருக்கும். இந்தத் தெருவில் எனக்கு யாரும் தயவு பார்த்ததே இல்லை. இப்போது எல்லோரும் சேர்ந்து, வாயில் வைக்க முடியாத பண்டத்தை அமிர்தம் என்கிறார்கள். மூலை வீட்டு ஆசிரியை ஊரில் இல்லாத பேரனையே தட்டைக் காலி செய்ய வைத்துவிட்டார், அவருடைய பேரன் அப்போது பெங்களூரில் அல்லவா இருந்தான்.

வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய் அவர்களிடம் என்ன சொல்லியிருப்பார்? வெறும் உப்பு விஷயத்தை மட்டுமா சொல்லியிருப்பார்?

அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

சாயங்காலம் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு மெயின் ரோட்டு நிறுத்தத்துக்கே போய்விட்டேன். வீட்டில் மகள் இருப்பாள். அவள் முன்னால் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. பஸ்ஸிலிருந்து டிபன் பையோடு இறங்கியவர், என்னை அங்கே பார்த்ததும் பயந்துவிட்டார். என்ன ஆச்சு, மறுபடி காய்ச்சலா என்று கேட்டார். கூட இறங்கியவர்கள் கடந்து போனதும் நிறுத்தத்து பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

"டாக்டர் நெசமா என்ன சொன்னாருங்க?"

"அதான் அன்னைக்கே சொன்னனே அம்மிணி. எல்லாம் சரியாப் போச்சுன்னு."

"பிஸ்கெட்டும் நல்லாருக்குதுன்னுதான் சொன்னீங்க."

அவர் டிபன் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். ரோட்டில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்து பேக்கரியில் கேக் வாங்க ஒரே கூட்டம். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஈரல்ல தெரியுதாமா. ரெண்டு மூணு எடத்துல. இனி முழுசாக் குணமாகாது, கட்டுப்படுத்தத்தான் முடியும்னாங்க. வீட்டுக்கு வந்தா நீ கதவத் தொறந்துட்டு மூஞ்சியப் பாத்துட்டு நிக்கற. என்னால சொல்ல முடியல அம்மிணி. பிஸ்கெட்டு விசயமாப் போனப்ப தெருக்காரங்ககிட்ட மட்டும் சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். எனக்கு என்ன நோய் என்று எதிர்வீட்டுக்குத் தெரியும், மூலை வீட்டுக்குத் தெரியும், நோய் வந்தவளுக்குத் தெரியாது. நான் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, உள்ளுக்குள் என்ன நினைத்திருப்பார்கள்? அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

"சாகப் போறவளுக்குத்தானுங்க எல்லாரும் எதைக் குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. நான் இன்னும் சாகலைங்க."

அவர் அந்த பெஞ்சில், நாலு பேர் பார்க்கிற ரோட்டில், யூனிஃபார்மோடு குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவர் ஒரு மாதமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார், மெஷின் முன்னால் நின்றுகொண்டு இதையே நினைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கோபம் போகவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு இருவரும் நடந்து வீட்டுக்கு வந்தோம்.

மகளுக்கு உப்பு விஷயம் மட்டும் தெரியும், ஸ்கேன் விஷயம் தெரியாது. அதை நானே சொன்னேன். அவள் அப்பாவைத்தான் முதலில் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். மறுநாள் கிறிஸ்துமஸ். எதிர்வீட்டிலிருந்து கேக் வந்தது. கொண்டுவந்தவளிடம் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவளும் கேட்டாள். தட்டு வெறுமையாகத்தான் திரும்பிப் போனது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரின் மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரைப் பின்னால் உட்காரச் சொன்னேன். டாக்டர் வழக்கம்போல் என் தலைக்கு மேலாக அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நோய் எனக்கு, அதனால் என்னிடம் சொல்லுங்கள் என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எது முடியும், எது முடியாது, எந்த மருந்து கேட்காமல் போனால் எந்த மருந்து என்று. நல்ல செய்தி என்று அதில் அதிகம் இல்லை. வெளியே வந்து, கேன்டீனில் உட்கார்ந்துதான், உண்மை தெரிந்த பிறகு முதல் முறையாக அழுதேன். வீட்டுக்காரர் இந்த முறை ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவரும் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருடம் எப்படிப் போனது என்று கேட்டால், மெல்லப் போனது. சில மாதம் நன்றாக இருப்பேன், சில மாதம் படுக்கை. ராத்திரியில் பயம் வரும், அதை இப்போது மறைப்பதில்லை, பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிச் சொல்லிவிடுவேன். அவரும் பயமாகத்தான் இருக்கிறது என்பார். அப்புறம் தூக்கம் வந்தாலும் வரும்.

மறு டிசம்பர் வந்தது. என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. நாற்காலியைச் சமையலறைக்குக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துகொண்டேன். பிசைவது, பிழிவது இரண்டும் அவர். மாவில் ஒரு துளி எடுத்து வாயில் வையுங்கள் என்றேன். அவர் தயங்கினார். படைக்கிற பண்டமாயிற்றே என்றார். சாமி கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். சர்க்கரை கொஞ்சம் பத்தாது என்றார். இரண்டு கரண்டி போடச் சொன்னேன். மறுபடி வாயில் வைத்துவிட்டு, இப்போது சரி என்றார். அந்த "சரி"யை நான் நம்பினேன்.

எதிர்வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். தெருவைக் கடக்க மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி கேட்டிலேயே தட்டைத் திறந்து, ஒன்றை எடுத்து, என் கண் முன்னாலேயே கடித்தாள். போன வருடத்துக்குப் பிராயச்சித்தம் போல. மென்றுகொண்டே அதைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு தயக்கம் வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"அக்கா, இனிப்பு சரியா இருக்கு. ஆனா அடி கருகிப் போச்சு. கசக்குது."

அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். அவள் பதறிப்போனாள். ஒன்றும் இல்லை, நீ நல்லா இரு என்று சொல்லிவிட்டு, அங்கே நின்றபடியே மகளைத் திட்ட ஆரம்பித்தேன், ஓவனில் கடைசித் தட்டைக் கவனிக்கச் சொன்னது அவளைத்தான். தெருவில் இரண்டு வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

இதை எழுதும்போதும் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த மருந்தும் கேட்கவில்லை என்று டாக்டர் என்னிடமே சொல்லிவிட்டார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் பிஸ்கெட் போடுவேனா என்று எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்த மாதிரி யாரும் என்னிடம் நடிப்பதும் இல்லை. அடி கருகியிருக்கிறது என்று அவள் சொன்ன அந்த ஒரு நிமிடம், இந்தத் தெருவில் நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது, இன்றைக்கும் அதை நினைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.